நிகழ்நேர வீடியோவுக்கு எந்த வன்பொருள்? வன்னியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியாப் பக்கம் வீடியோ வன்பொருள் பற்றிக் கேட்பவர்கள் பெரும்பாலும் மூன்று வகையினர். கோயில் திருவிழாவையும் கலியாணத்தையும் வெளிநாட்டு உறவுகளுக்கு நேரலையாக அனுப்புகிறவர்கள் ஒரு பக்கம். யானை வருவதை அறியக் காட்டோர வயலுக்குக் கமரா பூட்ட நினைப்பவர்கள் இன்னொரு பக்கம். மூன்றாவது, பொறியியல் படிக்கும் பிள்ளைகள். தேவை வேறு வேறாக இருந்தாலும் பார்க்க வேண்டிய கணக்கு ஒன்றுதான். பெட்டியில் அச்சிட்ட கிகாஹேர்ட்ஸையும் டொப்ஸையும் (செக்கனுக்கு எத்தனை இலட்சம் கோடிக் கணக்கு என்ற அளவு) நம்பிக் காசைக் கொட்டுவதற்கு முன் அந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

நிகழ்நேரம் என்று சொல்ல எவ்வளவு வேகம் வேண்டும்?

செக்கனுக்கு 25 பிரேம் (தனித்தனிப் படம்) வந்தால் ஒரு பிரேமுக்குக் கிடைப்பது 40 மில்லிசெக்கன். 50 பிரேம் என்றால் 20. ஒவ்வொரு பிரேமும் அந்த நேரத்துக்குள் முடிய வேண்டும், சராசரியாக முடிந்தால் போதாது. 99 பிரேம் 30 மில்லிசெக்கனிலும் ஒன்று 200 மில்லிசெக்கனிலும் முடிந்தால் சராசரி 31.7தான், பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் நான்கு செக்கனுக்கு ஒருதடவை படம் துள்ளும். ஆகவே ஒரு கருவியைச் சோதிக்கும்போது மிக மெதுவான பிரேம் எவ்வளவு எடுத்தது என்று பதிவு செய்யுங்கள். அரைமணித்தியாலமாவது ஓடவிட்டுப் பாருங்கள்.

வேகமும் தாமதமும் வேறு வேறு. ஐந்து கட்டங்கள் கொண்ட ஒரு வரிசை செக்கனுக்கு 25 பிரேமை ஒழுங்காகத் தள்ளிக்கொண்டே ஒவ்வொரு பிரேமையும் 200 மில்லிசெக்கன் பிந்தியும் தரலாம். யூரியூப் நேரலைக்கு அது பொருட்டே இல்லை, அங்கே தாமதம் செக்கன் கணக்கில் போகும். மேடைக்குப் பக்கத்தில் எல்இடி திரை வைக்கும்போதுதான் பிரச்சினை. நேரில் பேசுகிறவரின் வாயும் திரையில் தெரியும் வாயும் பொருந்தாமல் போகும். சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பிரி.1359 பரிந்துரைப்படி, ஒலி படத்தை 45 மில்லிசெக்கன் முந்தினாலோ 125 மில்லிசெக்கன் பிந்தினாலோ பார்ப்பவர் அதைக் கண்டுகொள்வார். 25 பிரேமில் படம் இரண்டு பிரேம் பிந்தினாலே ஒலி 80 மில்லிசெக்கன் முந்தும், எல்லை அங்கேயே தாண்டிவிடும். திரைக்குப் போகும் பாதையில் மடிக்கணினியையே வைக்காதீர்கள். கமராவிலிருந்து மிக்சர், மிக்சரிலிருந்து திரை என்று நேராகப் போகட்டும். நேரலைக்கு மட்டும் தனியாக ஒரு கிளை எடுங்கள்.

கணக்கை எங்கே தொடங்குவது?

பிக்சலில். 1920 × 1080 ஒரு பிரேமுக்கு 20,73,600 பிக்சல். செக்கனுக்கு 25 பிரேம் என்றால் 5.18 கோடி. 4:2:0 வடிவில் (நான்கு பிக்சலுக்கு ஒரே நிறத் தகவல்) ஒரு பிக்சலுக்கு ஒன்றரை பைட், ஆகவே செக்கனுக்கு 78 மெகாபைட். 4:2:2 வடிவில் (இரண்டு பிக்சலுக்கு ஒரே நிறத் தகவல்) இரண்டு பைட், 104 மெகாபைட். ஆர்ஜிபியை (சிவப்பு, பச்சை, நீலம்) 32 பிட்டில் வைத்தால் நான்கு பைட், 207 மெகாபைட். அதே படம்தான், பாரம் மட்டும் இரண்டரை மடங்குக்கு மேல் கூடிவிட்டது.

அடுத்து, ஒரு பிக்சலுக்குச் சிபியுவின் எத்தனை சுற்று (கடிகாரத் துடிப்பு) கிடைக்கிறது என்று பாருங்கள். உள்ளங்கை அளவுக் கணினியான ரஸ்பெரி பை 5இல் 2.4 கிகாஹேர்ட்ஸில் நான்கு கோர்கள். எல்லாவற்றையும் கூட்டிப் பிரித்தால் 1080பி25இல் (1920 × 1080, செக்கனுக்கு 25 பிரேம்) ஒரு பிக்சலுக்கு ஏறத்தாழ 185 சுற்று. பிக்சலைச் சுற்றியுள்ள எட்டோடு சேர்த்துக் கணிக்கும் 3×3 வடிகட்டிக்கு ஒன்பது பெருக்கல், அது தாராளமாக அடங்கும். படத்தில் புள்ளி புள்ளியாகத் தெரியும் இரைச்சலை நீக்குவதற்கு ஐந்து பிரேமை ஒப்பிட வேண்டும் என்றால் இழுபறி. 4கே என்றால் பிக்சல் நான்கு மடங்கு, கிடைக்கும் சுற்று 46க்கு இறங்கும்.

சிபியு, ஜிபியு, டிஎஸ்பி, எஃப்பிஜிஏ, தனி என்கோடர் சில்லு: உண்மையில் என்ன வித்தியாசம்?

சிபியு எதையும் செய்யும். ஆனால் ஒரு கட்டளையை எடுத்து, பிரித்து, வரிசைப்படுத்தவே சக்தியின் பெரும்பகுதியைச் செலவழிக்கும். அதை ஈடுகட்டத்தான் ஒரே கட்டளையில் பல பிக்சல்களைக் கையாளும் நியோன், ஏவிஎக்ஸ்2 போன்றவை வந்தன. நியோன் 128 பிட் அகலம், 8 பிட் பிக்சல் 16ஐ ஒரே தடவையில் கூட்டும். ஏவிஎக்ஸ்2 அதில் இரட்டிப்பு. இதைப் பயன்படுத்தாமல் எழுதிய நிரல் நல்ல கணினியிலும் நொண்டும்.

டிஎஸ்பி (சமிக்ஞைக் கணக்குக்கென்றே செய்த சில்லு) வகை, உதாரணமாக டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் சி64எக்ஸ் குடும்பம், ஒரு சுற்றில் எட்டுக் கட்டளைகளை அக்கம்பக்கமாக ஓட்டும். எதை எதோடு ஓட்டலாம் என்பதைத் தொகுப்பி முன்கூட்டியே தீர்மானித்துவிடும். அதனால் ஒவ்வொரு பிரேமும் எடுக்கும் நேரத்தை முன்கூட்டியே சொல்லலாம். வீடியோவுக்கென்று இப்போது தனி டிஎஸ்பி வாங்குவோர் குறைவு. அந்த வேலை கமராச் சில்லுகளுக்குள் போய்விட்டது.

ஜிபியு, அதாவது வரைகலைச் சில்லு, ஒரே வேலையை ஆயிரக்கணக்கான பிக்சலுக்கு ஒன்றாகச் செய்யும். நிறம் மாற்றல், அளவு மாற்றல், வளைவு திருத்தல், நரம்பு வலைப்பின்னல் எல்லாவற்றுக்கும் பொருத்தம். ஒரு முடிவு முந்திய முடிவில் தங்கியிருக்கும் வேலையில் அது தடுமாறும். படத்தைத் தனி கார்டுக்கு அனுப்பித் திருப்பி எடுக்கும் நேரத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

எஃப்பிஜிஏ என்பது உள்ளிணைப்பை நாமே அமைக்கும் சில்லு. அதில் கட்டளை என்பதே இல்லை. நீங்கள் எழுதுவது மின்சுற்றாகவே மாறுகிறது, பிக்சல் ஒரு பக்கத்தால் போய் மறுபக்கத்தால் வருகிறது. தாமதம் பிரேம் கணக்கில் இல்லாமல் வரிக் கணக்கில் இருக்கும். விலை: எழுதவும் பிழைதீர்க்கவும் மாதங்கள் போகும்.

வீடியோவைச் சுருக்கவென்றே செய்த நிலைத்த என்கோடர் மின்சுற்று ஒரே ஒரு வேலைதான் தெரிந்தது, ஆனால் அதை மிகக் குறைந்த மின்னில் செய்யும். இன்டெல் குவிக் சிங் 2011இலும் என்விடியாவின் என்வென்க் 2012இலும் வந்தன. நேரலைக்காரருக்கு வேண்டியது பெரும்பாலும் இது ஒன்றுதான்.

எச்.264 என்கோடிங் மட்டும் ஏன் இவ்வளவு பாரம்?

முழுக்கக் கணக்குப் போட்டுப் பார்த்தால் விளங்கும். எச்.264 என்பது வீடியோவைச் சுருக்கும் முறை. அது படத்தை 16×16 பிக்சல் கட்டங்களாக வெட்டுகிறது. 1080ஐ 16ஆல் பிரித்தால் மீதி வருவதால் 1088 வரி ஆக்கி, 120 × 68 = 8,160 கட்டங்கள். 25 பிரேமுக்கு செக்கனுக்கு 2,04,000. ஒவ்வொரு கட்டமும் முந்திய பிரேமில் எந்த இடத்திலிருந்து நகர்ந்து வந்தது என்று தேட வேண்டும். நாலாபுறமும் 16 பிக்சல் வரை ஒவ்வோர் இடமாகத் தேடினால் 33 × 33 = 1,089 இடங்கள், ஒவ்வொன்றிலும் 256 வித்தியாசம். எல்லாம் பெருக்கினால் செக்கனுக்கு 5,687 கோடி. இது நகர்வுத் தேடல் மட்டும், மற்ற வேலை இன்னும் தொடங்கவில்லை.

இதனால்தான் மென்பொருள் என்கோடர்கள் முழுத் தேடல் செய்வதில்லை. முந்திய கட்டத்தின் நகர்வை வைத்து ஊகித்துச் சில பத்து இடங்களை மட்டும் பார்க்கின்றன. வேக முன்னமைப்பு என்பது இந்தத் தேடலைச் சுருக்குவதுதான். அதே தரத்துக்குக் கூடுதல் பிட் செலவாகும். தேர் இழுக்கும் காட்சி, காவடி ஆட்டம், கூட்டத்துக்கு மேலே வீசும் பூ, இவற்றில் நகர்வு சிதறிக் கிடப்பதால் ஊகம் பிழைக்கும், படம் கட்டம் கட்டமாக உடையும்.

என்கோடிங்கின் கடைசிப் படி கேபாக் எனப்படும் எண்கணிதக் குறியாக்கம். அதில் ஒவ்வொரு பிட்டின் நிகழ்தகவும் அதற்கு முந்திய பிட்டைப் பொறுத்தது. ஆயிரம் கோர் இருந்தாலும் பங்கு போட முடியாது. அதனால்தான் ஜிபியு கார்டுக்குள்ளும் என்கோடிங்கிற்கு ஜிபியு கோர்களை நம்பாமல் தனிச் சுற்று வைத்திருக்கிறார்கள்.

நேரலையில் படத்தின் அடியில் பச்சைக் கோடு தெரிகிறதே?

மேலே சொன்ன 1088தான் காரணம். கூடுதலாகச் சேர்த்த எட்டு வரியை வெட்டச் சொல்லும் தகவலை, சுருக்கியதை விரிக்கும் உங்கள் டிகோடர் கவனிக்கவில்லை. டிகோடரை மாற்றுங்கள், அல்லது படத்தை 1080இல் வெட்டும் வடிகட்டி ஒன்றைப் போடுங்கள்.

கோயில் திருவிழா நேரலைக்கு எந்தப் பெட்டி?

இன்டெல் என்100 போட்ட சின்னக் கணினி எங்கள் முதல் தெரிவு. சில்லின் வடிவமைப்பு மின்வலு 6 வொட், குவிக் சிங் உள்ளே இருக்கிறது. ஒரே ஒரு மெமரித் தடம்தான், ஆகவே நான்கு கமராவை ஒன்றாக அடுக்கி, மேலே எழுத்தோடவிட்டு, பதிவும் செய்ய நினைத்தால் மூச்சுத் திணறும். இரண்டு கமரா, ஒரு பெயர்ப்பட்டி, ஒரு நேரலை, ஒரு பதிவு, இந்த அளவுக்கு நல்லது.

ரஸ்பெரி பை 4இல் எச்.264 என்கோடர் உண்டு, 1080பி30 வரை. பை 5 புதியது, வேகமானது என்று வாங்குகிறவர்கள் கவனிக்க வேண்டும்: அதில் எச்.264 என்கோடர் சுற்றை எடுத்துவிட்டார்கள், எல்லாம் சிபியுவில்தான் ஓடும். வேக முன்னமைப்பில் 1080பி25ஐச் சமாளிக்கும், ஆனால் மற்ற வேலைக்கு இடம் குறையும், சூடும் ஏறும். என்விடியாவின் ஜெட்சன் ஓரின் நானோ போட்டும் (சுற்றுப்பலகை) இப்படித்தான். 1,024 கோர் ஜிபியு இருக்கிறது, என்வென்க் இல்லை. யானை கண்டுபிடிக்க அது அருமையான போட். நேரலைக்கு வாங்கினால் வீண்செலவு.

பழைய கார்டு, பழைய கணினி வாங்குகிறவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. என்விடியா ஜிடி 1030இல் என்வென்க் கிடையாது, ஜிடிஎக்ஸ் 1050இல் உண்டு. இன்டெல் சிபியுவின் பெயர் எஃப் என்ற எழுத்தில் முடிந்தால் உள்ளே வரைகலை இல்லை, ஆகவே குவிக் சிங்கும் இல்லை.

அமைப்பில்: 1080பி25, நிலையான பிட் வீதம் 4 மெகாபிட், இரண்டு செக்கனுக்கு ஒரு முழுப் பிரேம். ஒரு மணித்தியாலத்துக்கு 1.8 கிகாபைட் டேட்டா போகும், ஆறு மணித்தியாலத் திருவிழாவுக்கு 10.8. வற்றாப்பளைப் பொங்கல், ஓகஸ்ட் 15 மடுத் திருவிழா போன்ற இடங்களில் காலையில் சோதித்த வேகம் மாலையில் இருக்காது, அதே கைபேசிக் கோபுரத்தில் ஆயிரக்கணக்கான கைபேசிகள் தொங்கும். அங்கே 720பி25, 2.5 மெகாபிட் என்று தொடக்கத்திலேயே இறக்கி வையுங்கள். வேறு நிறுவனத்து சிம் ஒன்றும் தயாராக இருக்கட்டும். நடுவில் உடைந்து உடைந்து போகும் 1080ஐ விடத் தெளிவாகப் போகும் 720ஐத்தான் பார்ப்பவர் விரும்புவார்.

மலிவான யுஎஸ்பி கப்சர் கார்டில் படம் பிந்துகிறது, நிறமும் மங்கல். ஏன்?

யுஎஸ்பி 2.0இன் பெயரளவு வேகம் 480 மெகாபிட். நடைமுறையில் செக்கனுக்கு 35 முதல் 40 மெகாபைட் தேறும். 1080பி25 படம் 4:2:2இல் 104 மெகாபைட். கொள்ளாது. அதனால் கார்டு ஒவ்வொரு பிரேமையும் ஜேபெக்காகச் சுருக்கி அனுப்புகிறது, உங்கள் சிபியு அதை விரித்து மறுபடி எச்.264ஆகச் சுருக்குகிறது. இரண்டு தடவை சுருங்கினால் நிறம் போகும், நேரமும் போகும். யுஎஸ்பி 3 கார்டு வாங்குங்கள். வாங்கியபின் மென்பொருளில் வடிவம் எம்ஜேபெக் என்று இருக்கிறதா, சுருக்காத வடிவமா என்று பாருங்கள். நீலத் துளையில் செருகினாலும் கேபிள் யுஎஸ்பி 2 ஆக இருந்தால் பழைய கதைதான்.

எச்டிஎம்ஐ கேபிள் 5 மீற்றர் வரை தொல்லை தராது. 15 மீற்றரில் படம் மினுங்கும், சிலநேரம் முற்றாகப் போகும். மண்டபத்தின் மறுகோடிக்குத் தொழில்முறை வீடியோ இணைப்பான எஸ்டிஐதான் சரி: நல்ல ஆர்ஜி-6 கோஎக்சியல் கேபிளில் 60 மீற்றர் தயக்கமில்லாமல் போகும்.

சிபியு 40 வீதம்தான் காட்டுகிறது, ஆனாலும் பிரேம் விழுகிறது. எப்படி?

மெமரிப் பாதை நிறைந்துவிட்டது. இரணைமடுக் குளம் வான்பாயும் அளவுக்கு நிறைந்து நின்றாலும் வயலுக்கு வருவது வாய்க்கால் கொள்ளும் தண்ணீர் மட்டும்தான். சிபியு தண்ணீருக்குக் காத்து நிற்கிறது.

எண்ணிக்கையில்: மாணவர் பயன்படுத்தும் எஃப்பிஜிஏ போட்டான பிங்க்-இசட்2இல் 16 பிட் அகல டிடிஆர்3, உச்சம் செக்கனுக்கு 2.1 கிகாபைட். புதுப்பித்தலும் பக்கம் மாறுவதும் ஒரு பங்கைத் தின்றுவிடும். 1080பி25 படம் 4:2:2இல் ஒருதடவை மெமரிக்குப் போய்த் திரும்பினால் 207 மெகாபைட். கப்சர், நிறத்திருத்தம், அளவு மாற்றல், எழுத்துச் சேர்த்தல் என நான்கு கட்டமும் தனித்தனியே மெமரிக்குப் போய் வந்தால் 829. இடம் இருக்கிறது. அதையே 32 பிட் ஆர்ஜிபியில் செய்தால் 1,659, போட் தள்ளாடத் தொடங்கும். கணித்தல் ஒன்றும் கூடவில்லை, சுமந்து திரிவதுதான் கூடியது.

மருந்து மூன்று. கமரா தரும் வடிவத்திலேயே கடைசிவரை வேலை செய்யுங்கள், ஆர்ஜிபிக்கு மாற்றாதீர்கள். அடுத்தடுத்த கட்டங்களை ஒன்றாக்கி, ஒரு பிக்சலை எடுத்தால் எல்லா வேலையும் முடித்துத் திருப்பி வையுங்கள். மூன்றாவது, பிரதி எடுப்பதை நிறுத்தி, ஒரே பிரேமின் முகவரியைக் கட்டத்துக்குக் கட்டம் கைமாற்றுங்கள்.

நிரல் எழுதும் பிள்ளைகள் அடிக்கடி விடும் பிழை ஒன்று: படத்தை மேலிருந்து கீழாக, நெடுக்காக வாசிப்பது. மெமரியிலிருந்து ஒருதடவைக்கு 64 பைட் கொண்ட துண்டு வரும். வரி வரியாக வாசித்தால் 64 பைட்டும் பயன்படும். நெடுக்காக வாசித்தால் ஒன்றைத் தொட்டுவிட்டு 63ஐ எறிகிறீர்கள். இரண்டு சுழற்சிகளையும் இடம்மாற்றிப் போடுங்கள், வேறொன்றும் வேண்டாம்.

நேரம் போகப் போகத் தாமதம் கூடிக்கொண்டே போகிறது. தொடக்கத்தில் அரைச் செக்கன், ஒரு மணித்தியாலத்தில் எட்டுச் செக்கன்.

எங்கோ ஒரு வரிசைக்கு எல்லை வைக்கவில்லை. வேலை கொஞ்சம் பிந்தும்போது பிரேம்கள் வரிசையில் தேங்குகின்றன, பிறகு அந்தத் தேக்கம் குறைவதேயில்லை. வரிசையின் நீளத்தை இரண்டாக மட்டுப்படுத்தி, நிறைந்தால் பழையதை எறியச் சொல்லுங்கள். ஐபி கமராவை நிரலால் வாசிக்கும்போது வாசிப்பதைத் தனி இழையில் (த்ரெட்) ஓடவிட்டு, ஆகப் புதிய பிரேமை மட்டும் வைத்திருங்கள். பதிவு செய்யும் கிளையில் இதைச் செய்யாதீர்கள், அங்கே பிரேம் விழக்கூடாது.

பல்கலைக்கழகச் செயற்றிட்டத்துக்கு எஃப்பிஜிஏயில் எதைச் செய்யலாம்? எங்கே சிக்கும்?

அறிவியல் நகர் பொறியியல் பீடத்துப் பிள்ளைகளுக்கும் வேறெங்கும் படிப்பவர்களுக்கும் சொல்வது: எச்.264 என்கோடர் எழுதப் போகாதீர்கள், காலம் போதாது. 3×3 வடிகட்டியில் தொடங்குங்கள். எஃப்பிஜிஏ ஏன் வேறு என்பது அதிலேயே முழுவதும் விளங்கும்.

ஒரு 3×3 சாளரத்துக்கு இப்போது வரும் வரியோடு முந்திய இரண்டு வரியும் வேண்டும். இரண்டு வரியைச் சேமிக்க ஒளிர்வுக்கு மட்டும் 3,840 பைட். பிங்க்-இசட்2 போட்டிலுள்ள ஸிங்க்-7020 சில்லில் 36 கிலோபிட் கொண்ட பிளொக் ராம் (சில்லுக்குள்ளேயே உள்ள மெமரித் துண்டு) 140 இருக்கின்றன. ஒன்றை 2,048 × 18 என்று அமைத்தால் ஒவ்வொரு இடத்திலும் படத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக உள்ள இரண்டு பிக்சல் அடுத்தடுத்து உட்காரும். ஒவ்வொரு சுற்றிலும் அந்த இடத்தை வாசி, இரண்டு பிக்சலையும் சாளரத்துக்கு அனுப்பு, நடுவரியை மேலே தள்ளு, புதிய பிக்சலை நடுவில் எழுது. ஒரே ஒரு பிளொக் ராம், ஒன்பது பெருக்கிகள், மொத்தப் பெருக்கி 220இல் ஒன்பது. 1080பி25இல் பிக்சல் கடிகாரம் 74.25 மெகாஹேர்ட்ஸ், ஒவ்வொரு சுற்றிலும் ஒரு விடை. தாமதம் ஒரு வரியும் சில பிக்சலும், அதாவது 36 மைக்ரோசெக்கனை ஒட்டி. பிரேமை முழுதாக வாங்கிச் செய்யும் சிபியுவுக்கு வாங்கவே 40 மில்லிசெக்கன் வேண்டும்.

சிக்கும் இடங்கள். முதலாவது, எச்டிஎம்ஐ. பிங்க்-இசட்2இல் எச்டிஎம்ஐ சாதாரணக் கால்களில் போகிறது. அந்தச் சில்லின் வேகத்தரம் -1, காலுக்கு 950 மெகாபிட்தான் உத்தரவாதம். 1080பி25உம் 720பி50உம் கேட்பது 742.5, ஓடும். 1080பி50 கேட்பது 1,485. மேசையில் ஒருநாள் ஓடலாம், மதிப்பீட்டு நாளன்று ஓடாது.

இரண்டாவது, பிரேம் தொடக்கக் குறி. படம் பக்கவாட்டில் உருண்டு போனால் வடிகட்டியின் தாமதத்துக்கு ஏற்ப பிரேம் தொடக்கக் குறியையும் வரி முடிவுக் குறியையும் நீங்கள் பிந்தவைக்கவில்லை என்று அர்த்தம். பிக்சலுக்கு எத்தனை பதிவகம் போட்டீர்களோ அத்தனையும் குறிகளுக்கும் போடுங்கள்.

மூன்றாவதுதான் எல்லோரையும் குழப்புவது. உள்ளே வரும் கடிகாரமும் வெளியே போகும் கடிகாரமும் இரண்டு வேறு படிகங்களிலிருந்து வருகின்றன. வித்தியாசம் பத்து இலட்சத்தில் 20 என்று வைத்தால் 50,000 பிரேமுக்கு ஒன்று வழுவும். 25 பிரேமில் அது 33 நிமிடத்துக்கு ஒருதடவை. பத்து நிமிடச் சோதனையில் தெரியவே தெரியாது. இரண்டு பிரேம் இடையகத்தை வைத்தால் அந்த நேரத்தில் படம் குறுக்கே கிழியும், மூன்று வைத்தால் ஒரு பிரேம் நிசப்தமாக விழும் அல்லது இரட்டிக்கும். மூன்று வையுங்கள்.

காட்டோர வயலில் யானை வருவதைக் கமரா கண்டு சொல்ல என்ன வேண்டும்?

ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கத்துக் கேள்வி இது. இங்கே 25 பிரேம் தேவையில்லை, செக்கனுக்கு ஐந்து போதும். படத்தில் பொருளைக் கண்டறியும் நரம்பு வலைப்பின்னலான யோலோவி8இன் மிகச் சிறிய வடிவம் 640 × 640 படத்துக்கு 8.7 கிகா (870 கோடி) கணக்கு கேட்கும். ஐந்து பிரேமுக்கு 43.5, நான்கு கமராவுக்கு 174. பை 5இன் சிபியு ஒரு கமராவைத் தாங்கும், நான்கைத் தாங்காது. ஹைலோ-8எல் போன்ற 13 டொப்ஸ் கார்டு சேர்த்தால் நான்கும் இலகு. கமராவின் முதன்மை ஓடையைப் பதிவுக்கும் சிறிய துணை ஓடையைக் கண்டறிதலுக்கும் பயன்படுத்துங்கள், விரிக்கும் வேலை பெருமளவு குறையும்.

ஆனால் இந்த வேலை தோற்பது கணித்தலில் இல்லை, லென்ஸில். 1/2.8 அங்குல உணரியின் அகலம் 5.6 மில்லிமீற்றர் அளவு. வழமையாக வரும் 4 மில்லிமீற்றர் லென்ஸ் 100 மீற்றர் தூரத்தில் 140 மீற்றர் அகலத்தைப் பார்க்கும். இரண்டரை மீற்றர் உயர யானை 1920 பிக்சல் படத்தில் 34 பிக்சல் உயரம், 640க்குச் சுருக்கினால் 11. அதை எந்த வலைப்பின்னலும் நம்பிக்கையோடு யானை என்று சொல்லாது. 12 மில்லிமீற்றர் லென்ஸ் போட்டால் 640இலும் 34 பிக்சல் கிடைக்கும். பார்வை ஒடுங்கும், ஆகவே யானை வழமையாக வரும் கடவையை நோக்கி வையுங்கள்.

யானை இரவில்தான் வரும். அந்த வலைப்பின்னலைப் பயிற்றிய கோகோ படத் தொகுப்பின் 80 வகைகளில் யானை இருப்பதால் ஆயத்த மாதிரி பகலில் உடனே வேலை செய்யும். இரவில் அகச்சிவப்பு வெளிச்சத்தில் நிறம் இல்லாத படத்தில் தவறவிடும். உங்கள் கமராவின் இரவுப் படங்களைச் சேர்த்து மீளப் பயிற்றுங்கள். கமராவோடு வரும் விளக்கு 30 மீற்றருக்கு மேல் உதவாது. 850 நானோமீற்றர் விளக்கைத் தனியாக வாங்கிக் கமராவிலிருந்து ஒன்றரை மீற்றர் தள்ளிப் பூட்டுங்கள். லென்ஸை ஒட்டி விளக்கு இருந்தால் பூச்சியும் சிலந்தி வலையும் வெள்ளையாக எரிந்து மணிக்கணக்கில் பொய் எச்சரிக்கை தரும்.

ஈதர்நெட் கேபிள் 100 மீற்றர்தான். ஐப்பசி இடிமின்னலில் வெளியே ஓடும் செப்புக் கம்பி போட்டையும் சேர்த்து எரிக்கும். வயலுக்குப் போகும் நீளப் பாதைக்கு ஈதர்நெட்டை ஒளியாக்கித் திருப்பும் இரண்டு மாற்றிகளும் ஒளியிழையும் போடுங்கள்.

கனடாவிலிருந்து கொண்டுவந்த கமராவில் மண்டபத்து வெளிச்சம் துடிக்கிறது.

நம் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், விளக்கு செக்கனுக்கு 100 தடவை மினுங்கும். அந்தக் கமரா 30 அல்லது 60 பிரேமில் ஓடுகிறது. 30 பிரேமில் துடிப்பு செக்கனுக்குப் பத்தாகத் தெரியும், எந்தச் சில்லாலும் அதை ஒழுங்காக நீக்க முடியாது. கமராவில் பால் (PAL) எனப்படும் 50 ஹேர்ட்ஸ் நாடுகளின் வீடியோ முறை இருந்தால் அதற்கு மாற்றி 25 அல்லது 50 வையுங்கள். மாற்ற முடியாத கமராவில் ஷட்டரை 1/100 ஆக்குங்கள், ஒவ்வொரு பிரேமிலும் சரியாக ஒரு மினுக்கம் விழும். 30இல் ஒரு கமராவும் 25இல் ஒரு கமராவும் கலந்தால் செக்கனுக்கு ஐந்து பிரேம் விழுந்து நடை துள்ளும், அதை மிக்சர் மறைக்காது.

வெயிலிலும் கரண்ட் போகும்போதும் எப்படிச் சமாளிப்பது?

குளிரூட்டிய அறையில் சோதித்தது வெளியே செல்லாது. 8 வொட் எரிக்கும் சில்லுக்கு, வொட்டுக்கு 5 பாகை ஏறும் வெப்பவாங்கி போட்டால் ஏற்றம் 40 பாகை. அறை 25 என்றால் சில்லு 65. தகரக் கொட்டகைக்குள் 45 என்றால் 85. ரஸ்பெரி பை 80 பாகையில் வேகத்தைக் குறைக்கத் தொடங்கும், திருவிழாவின் உச்ச நேரத்தில் பிரேம் விழுவது பெரும்பாலும் இதனால்தான். விசிறி போடுங்கள், பெட்டியை மூடாதீர்கள், தூசிக்கு வலை வையுங்கள்.

ரஸ்பெரி பைக்கு மின் கொடுக்கும் கேபிளும் முக்கியம். போகவும் வரவும் சேர்த்து 0.2 ஓம் உள்ள மெல்லிய கேபிளில் 3 அம்பியர் போனால் 0.6 வோல்ற் இழப்பு. 5.1இல் கிளம்பியது 4.5இல் வந்து சேரும், 4.63க்குக் கீழே போட் எச்சரித்து வேகத்தைக் குறைக்கும்.

சின்னக் கணினி, ஒரு கமரா, ரவுட்டர் எல்லாம் சேர்த்து 40 வொட் என்று வைத்தால், 12 வோல்ற் 100 அம்பியர்-மணி ஈய பற்றரியை அரைவாசிக்கு மேல் இறக்காமல் 600 வொட்-மணி கிடைக்கும். மாற்றி இழப்புப் போக 12 மணித்தியாலத்துக்குக் கிட்ட ஓடும். 230 வோல்ற் இன்வேட்டர் வழியாகப் போகாமல் நேரே டிசி மாற்றி பயன்படுத்தினால் இழப்புக் குறைவு. ஆனால் 12 வோல்ற் கணினியைப் பற்றரியில் நேரடியாகக் கொழுவ வேண்டாம். சார்ஜ் ஏறும்போது பற்றரி 14.4 வரை போகும், பாரத்தில் 11.5க்கு இறங்கும். ஏற்றவும் இறக்கவும் வல்ல 12 வோல்ற் சீராக்கி ஒன்றை இடையில் போடுங்கள். 5 அம்பியர் தாங்குவதாகப் பாருங்கள், பற்றரிப் பக்கத்தில் 7.5 அம்பியர் பியூஸ் ஒன்றும் போடுங்கள்.